ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த ஃபிரிட்ஜ்

ஒரகடத்தில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் முனிரத்தினத்தைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத முயன்றேன், கை வரவில்லை. அதனால் அவரிடம் டெக்னீசியனாக இருந்த ஷெர்லினைப் பற்றியே சொல்கிறேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சிரிக்க மாட்டாள். ஊசி குத்தும்போது "வலிக்குதா" என்று யாரையும் கேட்டதில்லை.

ரத்தக் கொழுப்பை அளக்க ரீஏஜென்ட் என்று ஒரு நொதிக் கரைசல் உண்டு. ரத்தநீரோடு சேர்த்தால் ரோஸ் நிறமாகும். நிறம் கூடினால் கொழுப்பும் கூடுதல். அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நொதி செத்துவிடும். முனிரத்தினம் ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்து, ஓய்வு கொடுப்பதாகச் சொல்லி பிளக்குகளைப் பிடுங்கினார். ஃபிரிட்ஜையும் விடவில்லை. விஜயதசமி முடிந்துதான் மறுபடி மாட்டினார்.

மறுநாள் ஒரு தொழிற்சாலை ஆட்கள் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களில் வேல்ராஜ், வாலாஜாபாத்தில் ஷெர்லினின் தெருக்காரன். போன வருடம் நெஞ்சுவலி வந்து கொழுப்பு மாத்திரை விழுங்குகிறவன். அவன் உட்பட எல்லோருக்கும் வெளிர் ரோஸ்தான். கேண்டீன் போண்டாவில் வளர்ந்த கூட்டம் ஒரே நாளில் சாமியாராகிவிட்டதா? அளவு தெரிந்த சோதனை ரத்தநீரைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் பாதிதான் காட்டியது.

"ரீஏஜென்ட் கெட்டுப்போச்சு சார். ரிப்போர்ட் குடுக்காதீங்க, புதுசு வாங்கி மறுபடி போடணும்."

"சாமி கும்பிட்டதால கெட்டுப்போச்சுன்றியா? சர்ச்சுக்குப் போறவ, உனுக்கு இன்னா தெரியும்? எல்லாம் நார்மல்னா கம்பெனிக்காரனுக்கும் சந்தோஷந்தான்."

"பிளக்கப் புடுங்குனதால கெட்டுப்போச்சுன்றேன். சாமிய ஏன் இழுக்கறீங்க?"

அன்றே அவளை வேலையிலிருந்து துரத்தினார். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த அவள் கையெழுத்தைப் போட்டே ரிப்போர்ட்டுகளை அனுப்பினார். அயோக்கியத்தனம் என்று இதைத்தான் சொல்வேன்.

அந்த வாரமே வேல்ராஜ் அவளைத் தெருவில் நிறுத்தினான். "யக்கா, கொழுப்பு நார்மலு! மாத்திரைய நிறுத்திட்டேன்."

"அது பொய் ரிப்போர்ட்டுடா. மாத்திரைய நிறுத்தாத. வேற லேப்ல பாரு."

அவன் முகம் மாறிவிட்டது. "உன்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டான்னு காண்டுல பேசாத. உன் கையெழுத்துதான கீது?"

அவள் அவன் கையைப் பிடித்தாள், உதறிவிட்டுப் போனான். மறுநாள் அவன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.