சூளை திறக்கும்வரை

2006, பங்குனி மாதம். வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆத்தூர் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டியில் ஏறினேன். விருத்தாசலத்துக்கு இருபத்தெட்டு ரூபாய். ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். கைப்பையில் இரண்டு செட் துணி, மாத்திரை டப்பா, மூன்று சப்பாத்தி. சட்டைப் பையில் ஒரு சிறிய சர்க்கரைப் பொட்டலம். எனக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். பொட்டலம் இல்லாமல் நான் வெளியூர் போவதில்லை.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கவிதாவை விருத்தாசலத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி தணிகாசலம் தொழிற்பேட்டையில் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். மின்சார ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, சீசனுக்கு விளக்கும் பொம்மையும். முந்தின நாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்குச் சூளைக்குத் தீ வெக்கறாங்க. மாமா வழக்கம் போலச் சாப்பிடாம இருக்கப் போறாரு. சக்கரைன்னு தெரிஞ்ச பொறவு இதுதான் மொத சூளை. உங்க மாப்ள பெங்களூருக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு. நான் சொன்னா மருமக வாய் நீளுதும்பாங்க. நீங்க வந்து பேசுங்க."

பெண் கொடுத்த வீட்டில் பெண்ணின் தகப்பன் எதையும் மெதுவாகத்தான் பேச முடியும். ஆனாலும் கிளம்பினேன்.

சின்னசேலம் தாண்டியதும் இரு பக்கமும் அறுவடை முடிந்த புன்செய். வேப்பூரில் வண்டி பத்து நிமிடம் நின்றது. லாரிகள் வரிசையாக நின்ற டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ கேட்டேன்.

"கம்மியாவா சார், இல்லாமலேவா?"

"இல்லாமலே."

"உள்ளயே இருப்பு இருக்குதா சார்? அப்ப நம்மகிட்ட வாங்க வேணாம்" என்றார் கடைக்காரர். டீ இரண்டரை ரூபாய். சர்க்கரை போடவில்லை என்பதற்காக அவர் காசைக் குறைக்கவில்லை.

பத்தரைக்கு விருத்தாசலம். நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆட்டோ முப்பது ரூபாய். ஓட்டுநர் பட்டறையின் பெயரைக் கேட்டதும், "இன்னிக்குச் சூளை எரியற வூடா? பொகையப் பாத்துப் போயிடலாம்" என்றார். அப்படியே போனோம். பட்டறைச் சுவர்களின் மேல் உடைந்த ஜாடித் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். தெரு ஓரம் முழுவதும் வெள்ளையாகப் பீங்கான் சில்லு. செருப்பின் அடியில் நொறுங்கிக்கொண்டே இருந்தது.

சம்பந்தி சூளை முன்பு நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்தாறு. என்னைவிட நான்கு வயது மூத்தவர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் ஈர வேட்டி.

"வாங்க சம்பந்தி, சொல்லாம கொள்ளாம! கவிதா போன் போட்டுச்சா?" என்று சிரித்தார். மறைக்க முடியவில்லை.

அந்தக் குடும்பத்தின் வழக்கம் இது. சூளைக்கு முதல் தீ வைப்பவர், சூளை வாயைத் திறக்கும்வரை சாப்பிடக் கூடாது. தண்ணீரும், உப்புப் போட்ட எலுமிச்சம்பழச் சாறும் மட்டும். சூளை வாயை ஒட்டி உள்ளே ஒரு சிறிய கிண்ணத்தை வைத்துச் சுடுவார்கள். அதற்குச் சாமி கிண்ணம் என்று பெயர். திறந்ததும் முதலில் அதை எடுத்து, பானகம் ஊற்றிக் குடித்து விரதத்தை முடிப்பார்கள். அவருடைய அப்பா காலத்தில் சூளை சிறியது. ஒரு பகலில் எரிந்து ஆறிவிடும், விரதமும் அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் சம்பந்தி பெரிய சூளை கட்டினார். ஒரு நாள் முழுவதும் எரிய வேண்டும், அடைத்த வாயைப் பிரிக்க அதற்கு மேல் இரண்டு நாள் ஆற வேண்டும். சூளை வளர்ந்ததோடு விரதமும் வளர்ந்துவிட்டது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பட்டறைக்குள் அச்சுகள் அடுக்கிய பலகையருகே இரண்டு நாற்காலி போட்டுப் பேசினோம். என் கதையைச் சொன்னேன். சோற்றை ஒரு வேளையாக்கியது, ராத்திரிக்குக் கேழ்வரகு தோசை இரண்டோடு நிறுத்தியது, எடை ஒன்பது கிலோ இறங்கியது, அதைப் பார்த்து என் மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கியது.

"பாத்தீங்களா?" என்றார் சம்பந்தி. "நீங்களே சொல்றீங்க. கொறச்சு சாப்ட்டா சக்கர எறங்குது. நான் சுத்தமா சாப்புடல, இன்னும் நல்லா எறங்கும். இதுல என்னா தப்பு?"

"மாத்திரை?"

"அத வுட மாட்டேன் சம்பந்தி. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. டாக்டரு வார்த்தையும் தட்டல, சாமி வார்த்தையும் தட்டல."

அது சரியில்லை என்று சொன்னேன். ராத்திரி மாத்திரையையாவது மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றேன். "ஆவட்டும், ஆவட்டும்" என்றார். அதற்கு மேல் அழுத்த எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தியம்மா அஞ்சலை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "அவரு அப்படித்தாங்க. நீங்க கை கழுவிட்டு வாங்க" என்றார். எனக்குக் கோதுமை ரவை உப்புமா.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது அவர் சூளையருகே இருந்தார். இரவு மாத்திரையும் போட்டாயிற்று, காலை மாத்திரையும் போட்டாயிற்று என்று மகள் சொன்னாள். பத்து மணிக்குக் கடைசித் தீ. சூளை வாயிலிருந்து மூன்றடி தள்ளி நின்றாலும் முகம் தாங்கவில்லை. எல்லோருக்கும் சட்டை நனைந்திருந்தது.

சம்பந்தி திடீரென்று மாரியைத் திட்டத் தொடங்கினார். மாரி அங்கே இருபது வருடமாகத் தீ பார்ப்பவர். "எவன்டா கதவத் தொறந்தது? ஜாடி எங்கடா?" என்றார். எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"வுடுங்க சார்" என்றார் மாரி என்னிடம். "வயிறு காஞ்சா மொதலாளிக்கு இப்படித்தான். ஒவ்வொரு சூளைக்கும் எனக்கு அர்ச்சனை உண்டு."

நான் சம்பந்தியின் கையைப் பிடித்தேன். அனலுக்கு முன் நிற்கும் மனிதரின் கை, பானைத் தண்ணீரில் கிடந்த துணி போலச் சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவருடைய வியர்வை வேறு என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இதே வியர்வை இரண்டு முறை வந்திருப்பதால் தெரிந்தது.

சம்பந்தியம்மா ஓடி வந்தார். "சக்கர ஏறிடுச்சிங்க! கவிதா, மாத்திரைய எடும்மா, இன்னொண்ணு குடுத்துடலாம்."

"வேண்டாங்க. ஏறலை, இறங்கிப்போச்சு. மாத்திரை கொடுத்தா ஆளு மிஞ்ச மாட்டாரு" என்று சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "இதைத் தண்ணியில கரைங்க."

"சக்கர வியாதிக்காரருக்குச் சக்கரயா?" அவர் கை நீளவில்லை. "சூளை வேற தொறக்கலியேங்க."

சம்பந்தியைத் தரையில் உட்கார வைத்தோம். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். கண் நிலைகொள்ளவில்லை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற முடியாது, மூச்சுக்குழலில் போய்விடும். அதைச் சொன்னேன். சம்பந்தியம்மா ஒருமுறை சூளையைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிடுங்கி, டம்ளரில் கொட்டி, விரலாலேயே கலக்கினார்.

"வாயத் தொறங்க. பாவம் எனக்கு வரட்டும், தொறங்க" என்று தாடையைப் பிடித்து ஊட்டினார். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது வாய் இறங்கியது. டம்ளர் காலியாகிச் சற்று நேரத்தில் அவர், "ஏன் எல்லாம் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டார். மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். சர்க்கரை கொடுத்த பிறகும் அளவு குறைவாகவே இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்த மாத்திரை நெடுநேரம் வேலை செய்யும், மறுபடி இறங்கும் என்று அன்றிரவும் தங்கச் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கட்டிலருகே நின்று நிதானமாகச் சொன்னார்: "பட்டினியே கெடுதல்னு நான் சொல்லலைங்க. சாப்பாடு வரலன்னா உடம்பு ஈரல்ல சேத்து வெச்ச சக்கரைய எடுத்துக் குடுக்கும். அது தீந்தா கொழுப்ப எடுத்து எரிக்கும். அளவா குறைச்சு சாப்பிட்டவங்களுக்கு எடை குறைஞ்சு சக்கர கட்டுக்கு வர்றதும் உண்மைதான். உங்க சம்பந்திக்கு அப்படித்தான். ஆனா நீங்க போடறது, இன்சுலினைச் சுரக்க வெக்கிற மாத்திரை. சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பாக்காது. உள்ளே இருக்கிற கொஞ்சம் சக்கரையையும் வழிச்சுட்டுப் போயிடும். அந்த மாத்திரைக்கு நீங்க விரதம்னு தெரியாதுங்க."

"எண்ணெய மூடிட்டு ப்ளோயர மட்டும் ஓட்ன கதையா?" என்றார் சம்பந்தி மெல்லிய குரலில். அவர் சூளை எண்ணெயில் எரிவது. காற்றை உள்ளே தள்ளுவது ப்ளோயர்.

"ஏறக்குறைய. இனிமே விரதம்னா ஒரு வாரம் முன்னாடி எங்கிட்ட வாங்க. இருக்கலாமா வேணாமான்னு நான் சொல்றேன். இருக்கலாம்னா எந்த மாத்திரைய நிறுத்தறதுன்னும் சொல்றேன். இப்படி மூணு நாள் மட்டும் கூடவே கூடாது."

அவர் போன பிறகு சம்பந்தி கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "அப்பா காலத்துலேருந்து வுட்டதில்ல" என்றார். "இந்தச் சூளை போச்சு சம்பந்தி. உள்ள இருக்கறது முழுக்க ஃபியூஸ் கட்டை. ஒண்ணுகூடத் தேறாது."

சனிக்கிழமை மாலை வீடு திரும்பினோம். அவருக்கு மூன்று வேளையும் என்ன, எவ்வளவு, மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்தில் என்பதை நானே மகளோடு இருந்து பார்த்துக்கொண்டேன். இரவு இரண்டு இட்லியும் சுண்டலும் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா பரிமாறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குச் சூளை வாயைப் பிரித்தார்கள். மாரி செங்கற்களை ஒவ்வொன்றாக எடுக்க, உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. சம்பந்தி கிட்டே போகவில்லை. சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே வந்த ஒவ்வொரு கட்டையையும் வாங்கி, திருப்பி, நகத்தால் சுண்டிக் கேட்டார். தான் குடித்த சர்க்கரைத் தண்ணீர் எந்தக் கட்டையில் விரிசலாக வந்திருக்கிறது என்று தேடுவது போல இருந்தது. வழக்கமாக உடைகிற அளவுக்கு உடைந்திருந்தது. வழக்கமாகக் கோணுகிற இடத்தில் கோணியிருந்தது. மற்றவை நன்றாக இருந்தன.

"எப்பவும் போலத்தான் மொதலாளி" என்றார் மாரி.

"அதெப்படிடா?" என்றார் சம்பந்தி.

மாரி சாமி கிண்ணத்தை எடுத்துத் துடைத்து நீட்டினார். சம்பந்தி வாங்காமல் கையை மடியில் வைத்திருந்தார். அப்போது சம்பந்தியம்மா முன்னால் வந்தார். அவர் கையில் ஒரு சொம்பு இருந்தது.

"எங்கிட்ட குடு மாரி" என்றார். கிண்ணத்தில் ஊற்றியது பானகம். ஏலக்காய் வாசனை வந்தது. ஊற்றும்போது சொம்பு கிண்ண விளிம்பில் தடதடவென்று தட்டியது.

"அத்தை, நீங்களா?" என்றாள் கவிதா.

"வெள்ளிக்கெழம நான்தான முடிச்சி வெச்சேன்? நடுவுல வுட்டா எப்படி, அதான் மிச்ச வெரதத்த நான் இருந்தேன்." கணவரைப் பார்க்காமலே சொன்னார். "எனக்குதான் சக்கர கிக்கர ஒண்ணும் கெடையாதே."

இரண்டு நாட்கள். அவர் எங்களுக்குப் பரிமாறினார், மருத்துவமனைக்கு வெந்நீர் எடுத்து வந்தார், எனக்கு மறுபடி வைத்த கோதுமை உப்புமாவில் உப்புச் சரியா என்று கேட்டார். அந்த வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இலையை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க இலையே இருந்திருக்கவில்லை.

சம்பந்தி எழுந்து போய்க் கிண்ணத்தை மனைவியின் கையோடு சேர்த்துப் பிடித்தார். "குடி மொதல்ல. பேசாத, குடி" என்றார். குரல் கோபமாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மா குடித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினேன். பேருந்து நிலையம்வரை சம்பந்தி வந்தார். அங்கே நிற்கும்போது, "அவ இருந்ததாலதான் சரக்கு நின்னுச்சின்னு நெனைக்கறீங்களா சம்பந்தி?" என்று கேட்டார். எப்போதும் போல உடைந்தது, எப்போதும் போல நின்றது என்று நான் கண்டதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. வேப்பூர்வரை எனக்கு அதே நினைவு. ஒரு விரதத்தை நிறுத்தப் போனவன் அதை இன்னொருவர் வயிற்றுக்கு மாற்றிவிட்டு வருகிறேனோ என்று இருந்தது.

ஆத்தூர் வீட்டில் இரவு என் மனைவி கேழ்வரகு தோசை இரண்டு வைத்தாள். நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "இன்னிக்கு என்ன புதுசா?" என்றாள். அவளையும் உட்காரச் சொன்னேன். தோசை ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

சித்திரையில் ஒரு நாள் காலை தொலைபேசி அடித்தது. சம்பந்தி.

"இன்னிக்குச் சூளை. போன வாரமே டாக்டரம்மாவப் பாத்தாச்சு. இந்த ஒடம்புக்கு வேணவே வேணான்னுட்டாங்க. மூணு இட்லி, சம்பந்தி. எதுருல அவளும் உக்காந்திருக்கா, ரெண்டு போட்டுக்கிட்டா. மூணாவது வேணாங்கறா, நீங்க சொல்லுங்க."

"தீ வெச்சாச்சுங்களா?"

"இவ சாப்ட்டு எந்திரிக்கட்டும். அதுக்கப்புறந்தான்."