வைப்பரில் கட்டிய மாலை

என் பிள்ளை மூச்சு இழுக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் நின்றுபோன ஒரு காருக்குள் நான் அடைபட்டுக் கிடந்தேன். அம்மனை நம்புகிறவர்களே, அந்த நேரத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எண்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். நாங்கள் ஆரணியில் பட்டு நெசவு செய்கிற குடும்பம். என் மகன் சேகருக்கு அப்போது நான்கு வயது. காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் தொண்டை வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் கண்ணைச் செருகினான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"தொண்டை அடைப்பான்மா. இங்க வெச்சிகினு இருக்காதீங்க. மூச்சு நிக்கிறதுக்குள்ள ஜல்தியா வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்.

பக்கத்துத் தெருவில் தணிகாசலம் வாடகைக் கார் வைத்திருந்தார். ரொம்பப் பழைய கார். ஆனாலும் பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையை வாரிக்கொண்டு அதில் ஏறினோம். ஊரைத் தாண்டும்போது தூறல்தான். கண்ணமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தணிகாசலம் வைப்பர் சுவிட்சைப் போட்டார். வைப்பர் ஒரு துடி துடித்தது. உர்ரென்றது. கருகல் நாற்றம் வந்தது. அவ்வளவுதான்.

காரணம் என்ன தெரியுமா? ஆயுத பூஜைக்கு அவர் சாமந்தி மாலையை இரண்டு வைப்பரிலும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். பூ காய்ந்து உதிர்ந்துவிட்டது. நார் மட்டும் வைப்பர் தண்டின் அடியில் சுற்றிக்கொண்டு கிடந்தது. வெயில் நாளில் யார் வைப்பரை ஓட்டிப் பார்க்கிறார்கள்? நாரில் சிக்கி மோட்டார் எரிந்துபோனது. சாமிக்குப் போட்ட மாலையே எங்களுக்கு எமனாக வந்தது.

முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர். தணிகாசலம் தலையை வெளியே நீட்டி ஓட்டிப் பார்த்தார். சக்கரம் சாலையை விட்டுச் சரிந்தது. நான் போட்ட அலறலில் நிறுத்திவிட்டார்.

"ஆரணிக்கே திருப்பிடலாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எப்டிங்க போறது? நாம தாண்டி வந்த தரைப்பாலத்துல இந்நேரம் தண்ணி ஏறிகினு இருக்கும்" என்றார் தணிகாசலம்.

பஸ் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லை. ஜன்னலை ஏற்றினால் உள்ளே புழுக்கம், பிள்ளைக்குக் காற்றுப் போதவில்லை. இறக்கினால் சாரல் அவன் மேலேயே அடித்தது. ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

எனக்கு வாய் நீளம். "மாலை கட்ட உனக்கு வேற எடமே கெடைக்கலியாய்யா?" என்று கத்தினேன். அவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதார். அடுத்து அம்மனைப் பிடித்துக்கொண்டேன். படவேட்டு ரேணுகாம்பாள் எங்கள் குலதெய்வம். அவள் இருக்கிற திக்குகூட அந்த மழையில் புரியவில்லை. "தாயே, உனக்குன்னு கட்டின மாலதானே இது? பாத்துகினு சும்மா இருக்கிறியே! மழைய நிறுத்தும்மா. இல்ல, எங்களயும் சேத்து எடுத்துக்கோ" என்று மாரில் அடித்துக்கொண்டேன்.

மழை நிற்கவில்லை. இன்னும் வலுத்தது.

சேகரின் உதடு நீலம் பாரித்தது. அவனை மடியில் போட்டு ஆட்டினேன். அப்போது என் வலது கை எதையோ தள்ளுவதுபோல் போய்ப் போய் வந்தது. நானாகச் செய்யவில்லை. தறியில் நான் செய்கிற வேலை அது. கரை வேறு நிறமாக வரும் புடவைக்கு, ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, கரை நூலைக் கொண்டுபோகும் ஓடக்கட்டையைக் கையால் தள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுண்டி நடு ஓடத்தை ஓட்டுவார். நான் ஓரத்தில் தள்ளுவேன். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே தள்ளியவள் நான். என் வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்தார்.

"இன்னாமே, ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் இழுத்தா வைப்பர் ஆடாதா?"

தணிகாசலம் குதித்து இறங்கினார். நாரை அறுத்தார். தன் பக்கத்து வைப்பரின் நட்டைத் தளர்த்தினார். அது மோட்டாரை விட்டு விலகித் தாராளமாக ஆடியது. ஆனால் டிக்கியில் கிடந்த தாம்புக்கயிறு தடிமன், வைப்பரில் முடிச்சு நிற்கவில்லை. நான் வெட்கம் பார்க்கவில்லை. பாவாடை நாடாவை உருவிக் கொடுத்துவிட்டுப் புடவையை இடுப்பில் முடிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் வேட்டிக் கரையைக் கிழித்தார்.

அவர் முன்சீட்டில் இடது ஜன்னல் வழியாக இழுத்தார். நான் தணிகாசலத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாக இழுத்தேன். ஒரு விசிறி அகலத்துக்குச் சாலை தெரிந்தது. வண்டி நகர்ந்தது. அவர் கை தளரும்போது என் கை இழுக்கும், அவ்வளவுதான். ஒரு கையில் நாடா, ஒரு கையில் பிள்ளை. வேலூர் வரைக்கும் மழை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான், நாடா இன்னும் என் கையிலேயே சுற்றியிருப்பதைப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது. அம்மா, அம்மா என்று தரையில் விழுந்து அழுதேன்.

பிள்ளை தேறியதும் நாங்கள் இருவரும் ஒரு புடவை நெய்து படவேட்டில் அவளுக்குச் சாத்தினோம். தணிகாசலம் இப்போது மாலையை பம்பரில்தான் கட்டுகிறார். மறுநாளே அவிழ்த்துவிட்டு, கண்ணாடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓட்டிப் பார்க்கிறார். ரப்பர் வெயிலில் வெடித்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுகிறார். "சாமிக்குப் பாதி பயம், உங்க வாய்க்குப் பாதி பயம்மா" என்பார். நானும் மாறித்தான் போனேன். இதைச் செய், அதைச் செய் என்று அவளுக்கு நான் இப்போது உத்தரவு போடுவதில்லை. மழையை நிறுத்தச் சொன்னேன். அவளோ என் கையை அசைத்துவிட்டாள்.

உங்களுக்கும் முன்னே வழியில்லாமல், பின்னேயும் வழியில்லாமல் ஒரு நேரம் வரலாம். அவளைக் கூப்பிடுங்கள். திட்டியாவது கூப்பிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். சேகர் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். கழுத்தில் தழும்பு இருக்கிறது. மழை வந்தால் வாசலில் நின்று ஊரே கேட்கும்படி கத்துகிறான். தறியில் உட்கார்ந்தபடியே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் அவனை அடங்கு என்று சொன்னதில்லை.