கண்ணுக்கு மட்டும் வண்ணம்

என் முதல் விளம்பரப் பலகை தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் முன்னால் ஏறிய காலை, ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் நின்று கைதட்டினேன். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிடித்துத்தான் இருந்தது.

கண்தானத்துக்கான பலகை அது. விளம்பர ஆபீசில் சேர்ந்ததிலிருந்து நான் செய்ததெல்லாம் நகைக்கடைத் தள்ளுபடிதான். இது ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு. பிடித்துப்போனால் ஊர் முழுக்க வைப்பார்களாம். மாடலுக்கு வழியில்லாததால், சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்துப் படமெடுத்தேன். முகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. கண்கள் மட்டும் வண்ணத்தில். சுற்றிலும் வெள்ளைப் பூ. கீழே, கண்தானம் செய்யச் சொல்லி மலையாளத்தில் ஒரு வரி. எல்லோரும் கண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று நான் பெரிய கலைஞியாகக் கணக்குப் போட்டிருந்தேன்.

ஒருத்தரும் கண்ணைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் யாராவது இறந்துவிட்டால், கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுற்றிப் பூப் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்து முக்குக்கு முக்கு நிறுத்துவார்கள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள், சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

பத்து மணிக்கு அப்பா போன் செய்தார். "ஏளா, நான் எப்ப செத்தேன்?"

அலறியடித்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். மண்டி வாசலில் மூன்று மலர்வளையங்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அப்பாவே டீ சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தெரு ஜவுளிக்கடைக்காரர் நாலாவது வளையத்தோடு வந்து திகைத்து நின்றார்.

"அண்ணாச்சி, இத இப்ப எங்க வைக்க?"

"அங்கனயே வையும். கடைக்கு நல்லாத்தான் இருக்கு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். "எந்தா மேடம் இது? சாயந்திரத்துக்குள்ள போர்ட எறக்கணும், கேட்டோ." சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. என் முதல் பலகைக்கு ஒரு நாள் ஆயுசுகூட இல்லை.

அப்பாவின் பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "போனாலும் கண்ணக் குடுத்துட்டுப் போனாரே, எத்தற நல்ல மனுஷன்னு பஸ்ஸுல எல்லார்கிட்டயும் சொல்லிக் கரைஞ்சேன் அண்ணாச்சி."

அப்பா முகம் மாறியது. படத்துக்கு உட்கார்ந்தாரே தவிர, கண்தானப் பாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று நழுவியவர்.

"அந்தப் பாரத்த எடுளா."

போட்டார். பிறகு வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "எனக்காவத்தான வந்திய? ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." மலர்வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? மத்தியானத்துக்குள், ஆஸ்பத்திரி தந்து என் பையிலிருந்த பாரமெல்லாம் தீர்ந்தது. கையெழுத்தான பாரங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டினேன். பலகை இருக்கட்டும் என்றார்கள். படியிலேயே குதித்தேன்.

ஆனால் அப்பாவின் பாரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வரி காலியாக இருந்தது: இறந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லப்போகும் உறவினரின் கையெழுத்து. மற்றவர்கள் வீட்டில் ஆஸ்பத்திரியே ஆள் விட்டு வாங்கிக்கொள்ளுமாம்; இதை மகள் நானே போடலாமாம். மண்டியில் அவர் எதிரே உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். காலை முழுக்கச் சிரித்த நான், பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

அப்பா பாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"போர்டு அடிக்கத்தான் அவசரப்பட்டுட்ட. ஆஸ்பத்திரிக்கு மெதுவாப் போன் பண்ணினாப் போதும், கேட்டியா."