கவ்வாத்துக் கத்திக்கு ஓர் அப்பீல்

புரொக்டர் என்கிற வக்கீலின் கந்தோரில் குமாஸ்தா வேலை என்றால், அழுகிறவர்களின் கதையை அழத் தெரியாத பாஷையில் எழுதுவது. அட்டனில் என்னைப்போல் மனு எழுதியே விரல் தேய்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆமாங்க

மாரிமுத்து அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். பிடி கழன்ற கத்தியைச் சாக்கில் சுற்றி டவுன் கொல்லனிடம் கொண்டு போனார். வழியில் பொலிஸ் பிடித்தது. தோட்டத்தில் அப்போது வேலைநிறுத்தப் பேச்சு அடிபட்டதால், கவ்வாத்துக் கத்தியும் ஆயுதமாகிவிட்டது. மூன்று மாதச் சிறை, எங்கள் பேச்சில் மறியல்.

அப்பீல் எழுத மறியலுக்குப் போய் அவரைப் பார்த்தேன். கொல்லனிடம் போனதைச் சொல்லாமல் கோர்ட்டில் கேட்டதற்கெல்லாம் நீங்கள் ஏன் ஆமாம் போட்டீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"நாக்காலியில ஒக்காந்திருக்கவங்க கேட்டா, இல்லன்னு சொல்லி எங்களுக்குப் பழக்கம் இல்லீங்க."

பிணை

அப்பீல் முடியும்வரை அவரை வெளியே விட, காணி உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். சொந்தத்தில் அப்படி யாராவது உண்டா என்று அவர் மனைவி லெட்சுமியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காணி இருந்தா நாங்க ஏங்கய்யா கவ்வாத்துக் கத்தியத் தூக்கப் போறோம்?"

பேர் வெட்டு

காலையில் ஆட்கள் வேலைக்கு வந்து நிற்கும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும் தோட்டத்துத் துரை மாரிமுத்துவின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டினார். பேர் போனால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போகும். தண்டனை ரத்தானால் இரண்டும் திரும்பக் கிடைக்கலாம் என்று கணக்கப்பிள்ளை சொன்னதை நம்பி, லெட்சுமி வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து கொழும்பிலிருந்து தீர்ப்புக் கடிதம் வந்ததா என்று கேட்பார். நானும் வாய் கூசாமல் அடுத்த வாரம் என்பேன். ஒரு வாரம் பிள்ளைகளோடும் மூட்டையோடும் வந்து நின்றார்.

"அடுத்த வாரம் கடுதாசி வந்தா, எந்த லயத்துக்குங்கய்யா சொல்லி அனுப்புவீங்க?"

தீர்ப்பு

மாரிமுத்து மூன்று மாதத்தையும் கழித்துவிட்டு வந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. பிடியில்லாத கத்தியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறவன் யாரை வெட்டப் போகிறான் என்று பெரிய நீதிபதிகள் கேட்டிருந்தார்கள். பொலிஸின் சொந்தக் குறிப்பிலேயே அந்த விவரம் இருந்ததாம். தண்டனை ரத்து.

கையோடு தோட்டத்துக்கு எழுதினேன். அறையில் வேறு குடும்பம் இருக்கிறது, ஆள் தேவையில்லை என்று பதில் வந்தது. இரண்டு தாளையும் மாரிமுத்துவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தீர்ப்பை மட்டும் கையில் வாங்கி, மடிக்காமல் வைத்திருந்தார்.

"பேர வெட்டுனது பெரட்டுக் களத்துலங்க. இந்தத் தாள அங்க வந்து ஒருக்கா எல்லாருக்கும் வாசிச்சிடுங்கய்யா, போதும்."

நான் போகவில்லை, நாற்காலியில் இருப்பவர்களுக்கு எதிரே வாய் திறந்து எனக்கும் பழக்கமில்லை.