ஊதுபத்தி கட்டிய விமானம்

கல்யாண வீடுகளில் விருந்தாளிகள்மேல் பன்னீர் தெளிக்கிற வெள்ளிச் செம்பை உதறி உதறி, அப்துல் மாலிக் தான் செய்த பொம்மை விமானத்தின் இறக்கைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மெல்லிய பால்சா மரச் சட்டங்களின்மேல் ஒட்டியிருந்த பட்டக் காகிதம் நனைந்து தொய்ந்தது. காய்ந்தால் மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். செம்பில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்தான். ஆனாலும் அவர் செய்கிற விமானம் எல்லாமே ரோஜா மணக்கும்.

"தொடாதீங்க சார், ஈரம். வேணும்னா மோந்து பாத்துக்கங்க" என்றார் என்னிடம்.

திருச்சி பெரிய கடைவீதியில் அவருக்கு அத்தர், ஊதுபத்திக் கடை. மாடியில் வாடகைக்கு இருப்பவன் நான். கூட்டம் இல்லாத நேரங்களில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சவர பிளேடால் பால்சாவைச் சீவுவார். யாராவது வந்து ஜவ்வாது கேட்டால், மூச்சை அடக்கியபடி 'இருங்க' என்று கையைக் காட்டுவார். ஒரு பெருமூச்சு விட்டாலே பறந்துவிடக்கூடிய மரம் அது. கஸ்தூரி நிறுக்கும் தராசில் அதை வைத்துப் பார்த்து, கனமாக இருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடி நிறுப்பார். இந்த அக்கறையில் பாதியைத் தன் உடம்பின்மேல் காட்டியிருந்தால் சட்டைப் பொத்தான்கள் இப்படித் திணறாது.

விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. வயிற்றுக்குள் ஒரு ரப்பர் நாடா. அதற்கு விளக்கெண்ணெய் தடவி, மூக்கிலுள்ள விசிறியைச் சுற்றி முறுக்கேற்றிவிட வேண்டியதுதான். கயிறும் கிடையாது. கையை விட்டபின் அது யார் பேச்சையும் கேட்காது. வெயில் நேரத்தில் மேலே போகிற சூடான காற்றில் அகப்பட்டுக்கொண்டால், வட்டமிட்டுக்கொண்டே எங்கோ போய்விடும்.

அதற்குத்தான் ஊதுபத்தி. விமானத்தின் வாலை ஒரு சின்ன ரப்பரால் இழுத்துக் கட்டி, அந்த ரப்பருக்குள் ஒரு துண்டு பத்தியைச் செருகிப் பற்றவைப்பார். கங்கு வந்து தொட்டதும் ரப்பர் அறும், வால் நிமிர்ந்துகொள்ளும், விமானம் மெத்தென்று கீழே இறங்கும். பத்தியை மாலிக் எப்போதும் குட்டையாகத்தான் நறுக்குவார். தென்னை உயரம் ஏறுவதற்குள் இறங்கிவிடும். துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொள்வார்.

விமானம் தொலைந்துவிடுமோ என்ற பயத்துக்குக் காரணம் இருந்தது. பால்சா நம் ஊரில் அகப்படாது. பினாங்கில் கடை வைத்திருந்த மச்சான்தான் கப்பலில் வரும்போதெல்லாம் கைலிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார். இந்த வருஷம் அவர் கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். வீட்டில் மிச்சமிருந்த கடைசிப் பலகைதான் இந்த விமானம். இது போனால் வேறு இல்லை.

காகிதம் ஒட்டுவது அவர் மனைவி ஆபிதா பீவியின் வேலை. ஒரு சுருக்கம் விழாது. வாய்தான் சும்மா இருக்காது.

"மாசக்கணக்கா குந்தி ஒட்டுறோம். ஏறுறதுக்குள்ள எறக்கிப்புடுறீங்க. எம்புட்டு ஒசரம் போவும்னு உங்களுக்கே தெரியாதுல்ல?"

"போனா வராது புள்ள."

"பறக்கத்தானே செஞ்சீங்க? பொட்டிக்குள்ள வைக்கவா செஞ்சீங்க?"

மாலிக் உப்புத்தாளைத் தேட ஆரம்பித்துவிட்டார். அது கையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மூவரும் ஜட்காவில் காவிரிக்குப் போனோம். வைகாசி வெயில். ஆறு முழுக்க மணல். அக்கரையில் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துக்கு மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"காத்து ஏறுது சார்" என்றார் மாலிக். அவர் முகத்தில் சந்தோஷமும் திகிலும் சரிபாதி.

விசிறியைச் சுற்றி முடித்தார். வழக்கத்தைவிடக் குட்டையாக ஒரு பத்தித் துண்டைச் செருகினார். ஆபிதா பீவி தீக்குச்சி கிழித்து, கைக்குள் அணைத்துப் பற்றவைத்தார். சந்தன வாசனை வந்தது. மாலிக் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். விடவில்லை. பருந்துகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலிக் விமானத்தைக் கீழே இறக்கினார். எரிந்துகொண்டிருந்த பத்தி முனையை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தார். "பிஸ்மில்லா" என்று சொல்லி, விட்டார்.

ஏறியது. தென்னை உயரத்தைத் தாண்டியது. முறுக்கு தீர்ந்து விசிறி நின்ற பிறகும் ஏறியது. வெயில் காகிதத்தைத் துளைத்து இறக்கையின் ஒவ்வொரு சட்டத்தையும் காட்டியது. ஒரு பருந்து விலகி வழிவிட்டது. சும்மா பெட்டி தூக்க வந்த நானே பெட்டியை மணலில் போட்டுவிட்டேன், அவ்வளவு அழகு.

"யா அல்லா! என்னங்க, கோபுரத்துக்கு மேல போகுதுங்க! இன்னும் போகுதுங்க!" என்று ஆபிதா பீவி வெள்ளைத் துப்பட்டி நழுவுவதுகூடத் தெரியாமல் மணலில் ஓடினார்.

"பாய், நாமளும் பின்னாடி ஓட வேண்டாமா?" என்றேன்.

மாலிக் சுடுமணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கங்கு சுட்ட இரண்டு விரலையும் வாய்க்குள் போட்டுக்கொண்டு, அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தார்.