இலைக்குள் நடப்பது கைனசின் அல்ல

தென்காசி ஓய்வுபெற்றோர் சங்கத்தில் பேச அழைத்தபோது ஒரே நிபந்தனை விதித்தேன்: நுண்ணோக்கியில் தெரிவது திரையிலும் தெரிய வேண்டும். கல்லூரியில் விலங்கியல் கற்பித்துப் பெயரெடுத்தவன் கையை வீசிக் கதை சொல்லிவிட்டு இறங்கக் கூடாது.

செல்லுக்குள் நிகழும் போக்குவரத்தைப் பற்றிப் பேசினேன். கைனசின் என்னும் புரதம் இரண்டு பாதங்களை மாற்றி மாற்றி வைத்து நுண்குழல்களின் மேல் நடக்கிறது; மைட்டோகாண்ட்ரியா போன்ற நுண்ணுறுப்புகளைச் சுமந்து நரம்புச் செல்லின் நடுவிலிருந்து நுனிக்குச் செல்கிறது. டைனீன் என்னும் மற்றொரு புரதம் அவற்றைத் திரும்பக் கொணர்கிறது. இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஒரே நரம்பிழை நீள்வதால், அந்தப் பயணம் சில நாள் பிடிக்கும்.

உயிருள்ள நரம்புச் செல்லை அந்த அரங்கில் காட்ட இயலாது. ஆகவே, குற்றாலம் சாலையோர வாய்க்காலில் காலையில் பறித்த ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் இலையை வைத்தேன். பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாக வரிசையாய் நகர்ந்தன. "கைனசின் இழுத்துச் செல்வதைக் காணுங்கள்" என்றேன். பலத்த கைதட்டல்.

கேள்விகளைச் சீட்டில் எழுதித் தருவதும், பேச்சாளரே வாசித்துப் பதில் கூறுவதும் அச்சங்கத்தின் வழக்கம். மூன்றாவது சீட்டின் கையெழுத்து எனக்குப் பழக்கமானது; என் கல்லூரியிலேயே தாவரவியல் துறையில் பணியாற்றிய அம்மையாருடையது. 'ஹைட்ரில்லாவில் பசுங்கணிகங்களை நகர்த்துவது ஆக்டின் இழைகளின் மேல் செல்லும் மயோசின் புரதம் அல்லவா?'

அவர் எழுதியது சரி. தாவரவியலை நான் ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை. சீட்டை உரக்க வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவர் மட்டும் அதைக் கவனித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அடுத்த சீட்டு, முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநருடையது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போகிறது, காரணம் நரம்பில் இந்தப் போக்குவரத்து தடைப்படுவதுதானா என்று கேட்டிருந்தார். மருத்துவரே சொல்ல வேண்டும் என்றேன்.

நடத்துநர் எழுந்தே நின்றுவிட்டார். "நாளைக்கே கேக்கேன் சார்வாள். இலைக்குள்ள கைனசின் ஓடுதே, என் கால்ல ஓடலையான்னு கேக்கேன். நீங்க சொன்னதுன்னு உங்க பேரையும் சொல்லுதேன்."

மருத்துவர் முன் என் பெயரோடு போகவிருப்பது அந்தப் பிழை. சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்து, எழுதியவரின் பெயரோடு உரக்க வாசித்தேன்.

"அப்போ இம்புட்டு நேரம் சொன்னது?" என்றார் நடத்துநர்.

"நரம்புக்குச் சரி. இலைக்குத் தவறு."

"பஸ்ஸு ஓடுனது நெசம். ரோடும் டிரைவரும்தான் வேற. அப்படித்தானே?"

அரங்கம் சிரித்தது. ஆம் என்றேன்.

கூட்டம் கலைந்தபின் அம்மையார் நுண்ணோக்கியைப் பெட்டியில் வைக்க உதவினார்.

"நீங்க வாசிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றேன்.