மீட்டுக்கொண்டு போனவர்கள்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அவளுடையது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அசெம்பிளி லைனில் கூட வேலை பார்த்த ஒடிசாக்காரனைக் கோயிலில் கட்டிக்கொண்டு, ஒரு வயது மகளோடு குன்றத்தூரில் வாடகைக்கு இருந்தாள். பிறந்த வீட்டோடு பேச்சில்லை.

நான் அப்போது போனில் அமெரிக்க வரலாறு கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்குரூ முடுக்குகிறவளுக்கு அது எதற்கு என்று லைனில் கேலி செய்வார்கள். கேட்டதை அவளுக்குச் சொல்வேன். சமவெளியில் பூர்வகுடிகளின் நிலத்தில் வெள்ளைக்காரர்கள் குடியேறினார்கள். சண்டை மூண்டது. குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பூர்வகுடிகள் தூக்கிப்போனார்கள். சில பெண்கள் அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றார்கள். பல வருஷம் கழித்துப் பட்டாளம் போய் அவர்களை மீட்டுவந்தது. மீட்கப்பட்டவர்கள் திரும்ப ஓடப் பார்த்தால் சொந்தக்காரர்களே காவல் போட்டார்கள்.

"பெத்த புள்ளைய அங்கன விட்டுட்டு வந்தா, அதுக்குப் பேரு மீட்பாக்கா?" என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பட்டாளத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம். இருட்டிவிட்டால், ஸ்டாப்பில் வீட்டு ஆள் யாராவது நின்றால்தான் பெண்களை இறக்கிவிடுவார்கள். பத்திரமாக ஒப்படைக்கிறார்களாம். அவளுக்குப் புருஷன்தான் வந்து நிற்பான். அந்த மழைநாள் சாயங்காலம் அவன் இல்லை. இரண்டு பேர் காரோடு நின்றார்கள். "அண்ணனுவ" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்க மாட்டேன் என்றாள்.

பஸ்ஸில் கூட வரும் செக்யூரிட்டி விசாரித்தார். மூத்தவன் போனில் குடும்ப போட்டோவைக் காட்டி, அம்மா சாகக் கிடக்கிறாள் என்றான். மொத்த பஸ்ஸும் உருகிவிட்டது. கூடப்பிறந்தவன் கூப்பிடுகிறான், போம்மா என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அனுப்பாதீர்கள் என்று நான் கத்தினேன்.

"அவுங்க வூட்டு விஷயத்துல நீ இன்னாத்துக்குக்கா பூந்துக்கினு கீற?" என்றாள் பின்சீட்டுக்காரி. சொல்லிவிட்டு, என் பக்கத்தில் இருந்த அவள் பையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவளை இறக்கி ஏற்றிக்கொண்டு கார் போன பிறகு புருஷன் மகளைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி ஓடிவந்தான். நானும் இறங்கி அவனோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பெற்றவர்கள் வீட்டுக்குத்தானே போயிருக்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் ஊருக்குத் தேடிப் போன அவனை அடித்து விரட்டினார்கள்.

மாதங்கள் கழித்து, யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். அம்மா கல்லுக்குண்டாக இருக்கிறாளாம். "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுதாவக்கா. நான் எந்திச்சா ஒருத்தர் கூடவே எந்திக்காவ." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "பாப்பா என்னயத் தேடுதாளா?" என்றாள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் இடுப்பில் இருந்தாள். என் போனில் இருந்த அவள் அம்மாவின் படத்தைக் காட்டினேன். பார்த்தாள். விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

"தேடுறா, தெனிக்கும் அழுவுறா" என்றேன்.

"அது போதும்க்கா" என்றாள்.